வெளிப்பக்கக் கொண்டி

—தோளால தள்ளு, வெர்லின். கையால தட்டினா கதவு என்ன, "வாங்க"ன்னு திறக்குமா?

—தள்ளிட்டேன், ஆர்டிஸ். கொண்டி வெளியில விழுந்துடுச்சு.

—வெளியிலன்னா?

—கொண்டி வெளிப்பக்கம்தான் இருக்கு. ஆட்டுப்பட்டிக் கதவுல இருந்து எடுத்தது. சாத்தினா தானா விழுந்து மாட்டிக்கும். அப்படி ஒண்ணும் மோசமான கொண்டி இல்ல.

—ஆட்டுப்பட்டியில ஆடு உள்ள இருக்கும், திறக்கிறவன் வெளியில இருப்பான். இப்போ நாம எங்க இருக்கோம்?

—உள்ள.

—அப்போ நாம யாரு?

—அதை யோசிக்காம விட்டுட்டேன்.

—என் பக்கத்துக் கதவு?

—அதுலயும் அதே கொண்டிதான். ஜோடியா கிடைச்சுது.

—நல்லா இருக்கு. நடு ஏரியில, இருபது அங்குல ஐஸ் மேல, புருஷனும் பொண்டாட்டியும் பட்டியில அடைச்ச ஆடு மாதிரி. கட்டி முடிச்ச வண்டியைப் பத்து நிமிஷம் சும்மா ஓட்டிப் பாக்கலாம் வான்னு கூப்பிட்டது இதுக்குத்தானா? போனை எடு.

—சமையலறை மேசையில சார்ஜ் ஆகுது. உன்னோடது?

—கைப்பையில. கைப்பை நாற்காலியில. பத்து நிமிஷத்துக்கு யாரு கைப்பையைத் தூக்கிட்டு வருவா?

—இருபத்திரண்டு.

—என்னது?

—ஐஸ். இருபத்திரண்டு அங்குலம். காலையில துளை போட்டு அளந்தேன்.

—ஐஸை அளந்த மனுஷனுக்குக் கதவை யோசிக்க நேரமில்ல. சனிக்கிழமை எனக்கு விமானம், வெர்லின். இன்னைக்கு வியாழன். பெட்டி பாதிதான் அடுக்கியிருக்கேன். அரிசோனாவுல என் தங்கச்சி லவோன் விமான நிலையத்துக்கு வந்து நிப்பா. அக்கா எங்கேன்னு கேட்டா, ஒரு ஃப்ரீசருக்குள்ள இருக்கான்னு யாராவது போய்ச் சொல்லணும்.

—ஃப்ரீசர்னு எப்படிக் கண்டுபிடிச்சே?

—என்ன?

—கதவு. அது நம்ம பழைய ஃப்ரீசரோட பலகைதான். குளிரை உள்ள வச்சிருந்த பலகை, குளிரை வெளியிலயும் நிறுத்தும்ல.

—ஆண்டவனே, நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரி, வண்டியைத் திருப்பு. நேரா பக்கத்து வீட்டு ஆரின் வாசல்ல போய் நின்னு ஹாரன் அடி. வந்து திறந்துவிடட்டும்.

—ஆரினா?

—ஏன், அவனுக்குக் கை இல்லையா?

—கை இருக்கு. வாயும் இருக்கு. இந்தக் கதவை அவன் பாத்தான்னா இருபது வருஷம் சொல்லிச் சிரிப்பான். நாளைக்கு நான் செத்துப்போனா, சவப்பெட்டி மூடியைத் தட்டிப் பாத்து, இதுக்காவது உள்பக்கம் கொண்டி வச்சீங்களான்னு கேப்பான்.

—கேக்கக்கூடியவன்தான். அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காப்பி ஊத்தி முடிக்கிறதுக்குள்ள ஊர் பூரா பரவிடும். வேண்டாம், ஆரின் வேண்டாம். வேற யோசி.

—யோசிக்கிறேன்.

—என்ன சத்தம் அது?

—ஏரி. குளிர் ஏறினா ஐஸ் விரியும். அப்போ இப்படித்தான் பேசும்.

—ஏரியாவது பேசுதே. இந்த வண்டி என்ன கனம் இருக்கும்?

—வாங்கும்போதா, இப்பவா?

—வேண்டாம், சொல்லாதே. வாங்கும்போது எப்படி இருந்துச்சு! குட்டியா, ரெண்டு சீட்டு, பின்னாடி விறகு போட ஒரு தொட்டி, அவ்வளவுதான். இப்போ பாத்தா போருக்குப் போற மாதிரி இருக்கு.

—கூரையும் முன் கண்ணாடியும் விளக்கும்தான் வெளியில வாங்கினது. மீதி எல்லாம் சொந்தக் கை.

—அதோ! ஐஸ் மேல ஸ்னோமொபைல் ஒண்ணு வருது. யாரு?

—ஆரின்தான்.

—குனிஞ்சுக்கோ! இல்ல, கூப்பிடு! எது வேணும் இப்போ நமக்கு?

—போயிட்டான்.

—கையாட்டிட்டுப் போயிட்டான்.

—நீயும் சிரிச்சுக்கிட்டே கையாட்டினே, ஆர்டிஸ்.

—அது பழக்கம்! அறுபத்தாறு வருஷப் பழக்கம். தண்ணியில மூழ்கிட்டு இருந்தாலும், தெரிஞ்சவன் அந்த வழியா போனா கையை ஆட்டி "நல்லாயிருக்கியா?"ன்னு கேக்கிற ஊர் இது. முன் கண்ணாடியை உடைச்சா என்ன?

—உடையாது. கரடி மோதினாலும் தாங்கும்னு பெட்டியில போட்டிருந்துச்சு. செவ்வாய்க்கிழமைதான் வந்துச்சு.

—தெரியும், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பார்சல் கொண்டுவர்ற பொண்ணு வாரத்துக்கு மூணு தடவை வருது. உன்னைவிட அது என்கிட்ட அதிகம் பேசியிருக்கு. அதோட பூனைக்குச் சர்க்கரை வியாதின்னு எனக்குத் தெரியும். உனக்கு என்னன்னுதான் தெரியாது.

—எனக்கு ஒண்ணும் இல்ல.

—அதைத்தான் சொல்றேன்.

—காப்பி குடி. ஃபிளாஸ்க் அந்தக் குழாய்க்குள்ள இருக்கு.

—இது எதுக்கு உள்ள குழாய்?

—கப், ஃபிளாஸ்க் எல்லாம் வைக்க. சாக்கடைக் குழாயை வெட்டினது. பயப்படாதே, புதுசு.

—இப்போ என் பக்கம் ஒண்ணும் தெரியல, கண்ணாடியில பனி அப்பிடுச்சு. இந்தக் கைப்பிடிதான் வைப்பரா? வெர்லின்! இது என்னோட ரப்பர் கரண்டி! கேக் மாவு வழிக்கிறது!

—நுனி நல்ல ரப்பர். மோட்டார் உன் பக்கத்துக்கு எட்டல. அதான் கையால ஆட்டுற மாதிரி வச்சேன்.

—ரெண்டு வருஷமா தேடுறேன் இதை. லவோனைச் சந்தேகப்பட்டேன்! தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்தவ எடுத்துட்டுப் போயிட்டான்னு, கூடப்பிறந்தவளைத் திருடியாக்கினேன். இந்தக் கண்ணாடியில ஏன் ரோஜாப்பூ போட்டிருக்கு?

—அது பின்னாடி பாக்குறதுக்கு.

—அது நான் தலை வாருறதுக்கு. இந்த சீட்டு?

—சோபா.

—எங்கம்மா சோபா! எலி கடிச்சுடுச்சு, எரிச்சுட்டேன்னு சொன்னியே.

—கொஞ்சம் கடிச்சிருந்துச்சு.

—அப்போ என் வீடு பூரா இதுக்குள்ளதான் இருக்கு. மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஷெட்டுக்குக் கடத்தியிருக்கே. நான் ஒருத்திதான் பாக்கி.

—இப்போ நீயும் வந்துட்டே.

—சிரிக்காதே.

—சிரிக்கல.

—மீசை ஆடுது, வெர்லின். இந்த வண்டிக்கு என்ன பேரு சொல்லி வித்தான்? சைட் பை சைட். பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறதுக்கு. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். அதுவும் கதவு திறக்காததால.

—ம்.

—"ம்" இல்ல. ஃப்ரிட்ஜ்ல டிக்கெட்டை ஒட்டி வச்சிருந்தேனே, பாத்தியா?

—பாத்தேன்.

—என்ன பாத்தே?

—போறதுக்கு மட்டும் இருந்துச்சு. வர்றதுக்கு இல்ல.

—பாத்துட்டு என்ன சொன்னே? ஞாபகம் இருக்கா? நானே சொல்றேன். "அங்க வெயில் அப்படி ஒண்ணும் மோசமில்லையாம்"னு சொன்னே. சொல்லிட்டு ஷெட்டுக்குப் போயிட்டே. அஞ்சு நிமிஷத்துல ரம்பம் சத்தம். நாப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவ ஒருவழி டிக்கெட் எடுத்து வச்சிருக்கா, மனுஷன் தகரம் வெட்டிக்கிட்டு இருக்கான்.

—அலுமினியம்.

—வெர்லின்!

—சரி. தகரம்.

—கோபத்துல எடுத்த டிக்கெட் இல்ல அது. கோபம் வந்திருந்தா தேவலை. சிங்க் முன்னாடி நின்னு ஜன்னல் வழியா ஷெட்டையே பாத்துட்டு இருப்பேன். முதல் வருஷம், நீ எப்போ உள்ள வருவேன்னு பாத்தேன். ரெண்டாவது வருஷம், சாப்பாடு ஆறுதேன்னு பாத்தேன். இந்த வருஷம் சும்மா பாத்தேன். தீனித் தட்டுல குருவி வந்திருக்கான்னு பாப்போமே, அந்த மாதிரி. வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு எனக்கு. உன்னைப் பத்தி இல்ல, என்னைப் பத்தி.

—கையுறையைக் கழட்டு.

—நான் என்ன பேசுறேன், நீ என்ன கேக்குறே?

—கழட்டேன். விரலைக் காட்டு. வெளுத்திருக்கா?

—இல்ல. நல்லா சிவப்பாத்தான் இருக்கு. இங்க ஏன் இவ்வளவு சூடா வருது?

—பள்ளிக்கூட பஸ்ஸோட ஹீட்டர். பழைய வண்டி உடைக்கிற இடத்துல கிடைச்சுது. அதுல இருந்து ரெண்டு குழாய் வருது. ரெண்டும் உன் கைக்கு நேரா.

—உன் பக்கம்?

—எனக்கு எதுக்கு? தொப்பி இருக்கு.

—அதான் மீசையில ஐஸ் கட்டியிருக்கு.

—நாலு வருஷம் முன்னாடி, இதே இடம்தான். ஐஸ்ல துளை போட்டு மீன் பிடிக்கிற நம்ம குடில் அந்தப் பாறைக்கு நேரா நின்னுச்சு. உன் விரலெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்துப்போச்சு. தூண்டிலைப் பிடிக்க முடியாம அழுதே. இனிமே ஏரிக்கு வரமாட்டேன்னு சொன்னே. அதுக்கு முன்னாடி முப்பத்தெட்டு வருஷம் ஒரு குளிர்காலம் விடாம வந்திருக்கே. என்னைவிட நீதான் அதிகம் பிடிப்பே.

—எப்பவும்.

—ஒரே ஒரு தடவை நான்...

—எப்பவும், வெர்லின்.

—சரி, எப்பவும். அன்னையில இருந்து யோசிச்சேன். விரல் வெளுக்காம உன்னை இங்க கூட்டிட்டு வரணும்னா என்னென்ன வேணும்? ஆறு மாசத்துல முடிச்சுடலாம்னு நினைச்சேன். கதவு போட்டா, நம்ம மூச்சுலயே கண்ணாடி மங்குது. ஹீட்டர் வச்சா பேட்டரி படுத்துடுது. பெரிய பேட்டரி வச்சா ஸ்பிரிங் இறங்குது. ஸ்பிரிங்கை மாத்தினா வண்டி உயர்ந்துடுச்சு, உனக்கு ஏற முடியாது, இடுப்பு வலி. அப்புறம் படி வச்சேன். படி ஐஸ்ல இடிச்சுது.

—இதை ஏன் என்கிட்ட சொல்லல?

—முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.

—மூணு வருஷம்! என்னைக் கூடக் கூட்டிட்டுப் போறதுக்கு வண்டி கட்டுறேன்னு, மூணு வருஷம் என்னைத் தனியா விட்டுட்டுப் போயிருக்கே.

—இப்படிச் சொன்னா கொஞ்சம் மோசமாத்தான் இருக்கு.

—அப்பாடா, ஒண்ணாவது மோசமா இருக்கே உனக்கு. இப்போ சொல்லு. அளந்து பாக்காம, வாயில வர்றதைச் சொல்லு.

—போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கு, ஆர்டிஸ்?

—நான் அதைக் கேக்கல.

—லவோன் இருக்கிற ஊர்ல ஐஸ் கிடையாதுல்ல?

—தண்ணியே கிடையாது.

—மணல்?

—மணல்தான் இருக்கு, கண்ணுக்கெட்டின தூரம்.

—அப்போ ஹீட்டரைக் கழட்டிட்டு ஃபேன் வைக்கலாம். கதவும் வேண்டியதில்ல, வலை போட்டாப் போதும். டயரை மாத்தணும். ரெண்டு வாரம் ஆகும். சனிக்கிழமைக்குள்ள முடியாது.

—வெர்லின் டொலெஃப்சன், நீயும் வர்றேன்னு சொல்றியா?

—லவோன் என்னை உள்ள விடுவாளா?

—ரப்பர் கரண்டியைக் கையில எடுத்துட்டுப் போய் மன்னிப்புக் கேட்டா விடுவா. ஏரி? மீன்? ஆரின்?

—ஆரின் இல்லாம இருக்கலாம். பழகிக்குவேன்.

—அழுறியா?

—மூக்கு ஒழுகுது. சூடு இந்தப் பக்கம் வரல.

—ஒரு குழாயை அந்தப் பக்கம் திருப்பிக்கோ, முட்டாள். இந்தா, இதைக் குடி.

—ஆர்டிஸ்.

—ம்.

—அந்தக் கொண்டியை நான் தப்பா வைக்கல.

—ம்.

—வீட்டுல உன்கிட்ட பேசணும்னு உக்காந்தா, கால் தானா எழுந்து ஷெட்டுக்குப் போயிடுது. எழுந்து போக முடியாத ஒரு இடம் எனக்கு வேணும்னு தோணுச்சு. எனக்குத்தான், உன்னை அடைச்சு வைக்கிறதுக்கு இல்ல. உன் சீட்டுக்கு அடியில ஒரு கயிறு இருக்கு. இழுத்தா ரெண்டு பக்கக் கொண்டியும் தூக்கிக்கும். எப்போ வேணும்னாலும் நீ இழுத்துட்டு இறங்கிப் போயிருக்கலாம். அதை முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது தப்பு. கோபமா?

—தெரியும்.

—என்ன தெரியும்?

—கயிறு. ஏறி உக்காந்ததுமே கையில தட்டுப்பட்டுச்சு. நான்தான் இழுக்கல.