டவருக்கு ரொம்பக் கிட்ட இருக்கற வூடு

அட உக்காருங்க தம்பி, நாயி ஒண்ணும் பண்ணாது. கொரைக்கும், அவ்வளவுதான். பேப்பர அப்பறம் நீட்டலாம், மொதல்ல இந்த மோரக் குடிங்க. பெரம்பலூர்லேருந்து இந்த வெயில்ல வண்டியிலயா வந்தீங்க? நல்லாருக்கு போங்க. ஏன், டவர் கம்பெனியில ஒரு காரு குடுக்கக் கூடாதா?

ஆமா, செல்வம்மாள் நான்தான். டவர் வேணாம்னு பேரூராட்சியில மனு குடுத்து, பதினாறு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயி ஆபீஸ் வாசல்ல உக்காந்தவளும் நான்தான். பாத்தா அப்படித் தெரியலையா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

மனுவுல என்ன எழுதுனேனா? என்னத்த எழுதல! மாடு சினை புடிக்காதுன்னேன். தேனீ வராது, முருங்கப் பூவெல்லாம் கொட்டிடும்னேன். காத்தடிச்சா டவரு எங்க வூட்டு மேலதான் சாயும்னேன். உங்க ஆளுங்க வந்து பக்கத்துக் கொல்லையில நாலு கல்லு நட்டுட்டுப் போனாங்க பாருங்க, மறுநாளே தல வலிக்குதுன்னு ஒரு அம்மா வந்து நின்னுச்சு. கல்லுலேருந்து என்னா அலை வரும்? எனக்கே சிரிப்பு. விடலையே நானு, அதையும் சேத்து எழுதச் சொல்லிட்டேன்.

சிரிங்க, சிரிங்க. கூட்டத்துலயும் இப்படித்தான் சிரிச்சாங்க.

போன பொதங்கெழம நடந்துச்சே மன்றக் கூட்டம், அதான். எங்க வார்டு மெம்பரு பூங்குழலி எங்கள உள்ள கூட்டிக்கிட்டுப் போயி கடைசி பெஞ்சுல உக்கார வச்சுது. மெம்பருங்கள்ல பாதி பேரு வேணுங்கறாங்க, பாதி பேரு வேணாங்கறாங்க. எங்க பக்கம் பேசுன ஒருத்தரு கதிர்வீச்சுன்னு கைய ஆட்டி ஆரம்பிக்கறாரு, அவரு போனே அடிக்குது. ஆபீஸ் கிட்ட நல்லா அடிக்கும், எங்க தெருவுக்குத்தான் பச்சமல குறுக்க நிக்குது. எடுத்துப் பேசி முடிச்சுட்டு, எங்க விட்டேன்னு எங்களக் கேக்கறாரு.

அப்பறம் எதுத்த வூட்டுக் கலியம்மா எந்திரிச்சுச்சு. அது டவர் வேணுங்கற கட்சி. போன ஐப்பசி மழையில அது மருமவளுக்கு வலி எடுத்துக்கிச்சு. நூத்தியெட்டுக்குப் போன் பண்ண, அது மவன் தண்ணி டேங்க் மேல ஏறி நின்னான் தம்பி. இடி இடிக்குது, நனைஞ்சுகிட்டு ஹலோ ஹலோங்கறான். எங்க கெடைக்குது? கடைசியில வெங்காயம் ஏத்தற வண்டியில போட்டுக்கிட்டுப் போயி, போற வழியிலயே பொறந்துச்சு. பொண்ணு கொழந்த. நல்லாருக்கு, நல்லாருக்கு, காலையிலகூட இங்கதான் தவழ்ந்துச்சு. அதையெல்லாம் சொல்லும்போது கலியம்மா சேர்மனப் பாக்கல, என்னையத்தான் பாத்துச்சு. அந்த வண்டியக் கூட்டியாந்ததே நீதானே, உனக்குமா தெரியாதுன்னு கேட்டுச்சு.

சேர்மன் ஒரே பேச்சா முடிச்சுட்டாரு. டவருக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது செல்வம்மா வூடு, அந்தம்மா சம்மதம்னு எழுதிக் குடுத்தா தீர்மானம் போடுவோம், இல்லன்னா கம்பெனிக்காரங்க வேற எடம் பாக்கட்டும்னுட்டாரு. அதான் நீங்க வந்து இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காந்திருக்கீங்க.

உள்ள இருமறதா? எங்க வூட்டுக்காரரு, அய்யம்பெருமாள்னு பேரு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பக்கம் கை காலு இழுத்துக்கிச்சு. பேச்சு நல்லா வரும், நடக்கத்தான் முடியாது. தலமாட்டுல எப்பவும் போன வச்சுக்குவாரு. சார்ஜ் எறங்க விடமாட்டாரு. சிக்னலே இல்லாத வூட்டுல அது எதுக்குன்னுதானே கேக்கறீங்க?

கொஞ்சம் கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. தமிழ்மொழின்னு அவருதான் பேரு வச்சாரு. மூணு வருசம் முன்னால கூடப் படிச்ச பையனக் கட்டிக்கிட்டுக் கோயம்புத்தூரு போயிடுச்சு. நம்ம ஆளுங்க இல்ல, வேற ஆளுங்க. வூட்ட விட்டுப் போயிப் பத்தாம் நாளு எனக்குப் போன் பண்ணுச்சு. நான் பெரம்பலூர் உழவர் சந்தையில வெங்காயம் வித்துக்கிட்டு இருக்கேன். அம்மான்னுச்சு. எங்களுக்குப் பொண்ணே கெடையாது, இனிமே எங்க ரெண்டு பேருக்குமே போன் பண்ணாதன்னுட்டு வச்சுட்டேன். அது சொன்ன பேச்சக் கேக்கற புள்ள தம்பி. அந்த ஒரு விசயத்தத் தவுர எல்லாத்துலயும் கேக்கும். அதுலேருந்து பண்ணவே இல்ல.

அவருக்கு இது தெரியாது. படுத்த பொறவு மனசு எளகிப் போச்சு அவருக்கு. புள்ள பேசுச்சா, புள்ள பேசுச்சாம்பாரு. அது தெனம்தான் பண்ணும், நம்ம தெருவுலதான் லைன் கெடைக்க மாட்டேங்குதேன்னு சொல்லி வச்சிருக்கேன். நாமளே பண்ணலாமேம்பாரு. அதுவும் போவாதுன்னுடுவேன். நம்பிக்கிட்டு இருக்காரு மனுசன். டவரு வந்து, போனுல கோடு முழுசா நின்னு, அப்பவும் புள்ளகிட்டேருந்து வரலன்னா நான் என்னன்னு சொல்லுவேன்? மாடு, தேனீ, முருங்க எல்லாம் அதுக்குத்தான் தம்பி.

அட, ஏன் எந்திரிக்கிறீங்க? கலியம்மா கேட்டது இன்னும் காதுலயே நிக்குது, பேனாவக் குடுங்க. எந்த எடத்துல போடணும்? இங்கயா? ரெண்டு எடத்துலயா?

இந்தாங்க. டவரு எழும்பி வேல செய்ய எத்தன நாளாகும்? மூணு மாசமா? அவ்வளவு வேணாம் தம்பி, எனக்கு நாளைக்கு ஒரு நாளு போதும். நாளைக்குச் சந்தைக்குப் போறேன். புள்ள நம்பரு மனப்பாடமாத் தெரியும், நானே பண்ணிடறேன். என்ன பேசறதுன்னுதான் பஸ்சுல போறப்ப யோசிக்கணும்.