வாசலில் அழுகிய கிழங்கு

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள், "எங்க நாத்தனா மனசுல விஷம்க்கா" என்றாள். என் காது அங்கேயே நின்றது.

"இன்னாடி சொல்ற?"

"வாசல்ல ஆகாச கருடன் கிழங்கு கட்டியிருந்தேன். கெட்ட எண்ணத்தோட எவ வந்தாலும் காட்டிக் குடுத்துடும். அவ மவனுக்கு எம் பொண்ண கேட்டு வந்தா, அன்னிக்கே அழுகிப்போச்சு. முடியாதுன்னு அனுப்பிட்டேன்."

"தண்ணி ஊத்தினியா? அது காத்துலயே வளர்றது, தண்ணி பட்டா அழுகிடும்."

"தெரியாதா எனக்கு? நான் தொடறதே இல்ல. தெனம் சாம்பிராணி காட்றது எம் பொண்ணுதான்."

"அவளுக்கு அந்தப் பையன புடிக்குமா?"

ஜன்னலோரம் இருந்தவள் சட்டென்று எழுந்து, "கண்டக்டரே, வண்டிய நிறுத்துப்பா, நான் வூட்டுக்குப் போவணும்" என்றாள்.