திரும்பிப் போன தபால்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, படகுச் சங்கத் தலைவர் அவர்களே, ஐஸ் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் அக்காமார்களே, அப்பாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. எழுதி வந்ததைப் படிக்கிறேன். எட்டாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சார்லஸ் துறைமுகத்து அடிதடி வழக்கில் இரண்டு வருடம் சிறையில் இருந்தார். அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீதிமன்றத் தாளில் அவர் பெயர் 'மனுதாரர் சார்லஸ்' என்றும் இருக்கிறது. அது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கே கைதிக்கு உடம்பு முடியாவிட்டால், காவலுக்குப் போலீஸ் வந்தால்தான் ஆஸ்பத்திரி. வராவிட்டால்? நாள்கணக்கில் கிடக்க வேண்டும்! அன்றைக்கே கொண்டுபோக உத்தரவு கேட்டு, அப்பா தன் கைப்பட உயர்நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். வீடியோ விசாரணையில் நீதிபதி, "உங்க வக்கீல் எங்கே?" என்றாராம். "வக்கீலும் நாந்தாங்கய்யா, கட்சிக்காரனும் நாந்தான். இதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் சண்டை வரலங்க" என்றாராம் அப்பா.

முன்வரிசையில் இருக்கும் ஆத்மநாதன் மாமா அப்பாவோடு சிறையில் இருந்தவர். சுகர் நோயாளி. காலில் புண். மனுவோடு இணைக்க, மாமாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை அவர் வீட்டில் வாங்கி அனுப்பச் சொல்லி அப்பா எனக்குப் பதிவுத் தபால் போட்டார்.

குழாயடியில் கூட்டம். "ஷீபா, ஜெயில்லேருந்து தபால், கையெழுத்துப் போடு" என்றார் தபால்காரர், சத்தமாக. குடத்தோடு எல்லாரும் திரும்பினார்கள்.

"எனக்கு வேணாங்க. திருப்பி அனுப்பிருங்க."

சீட்டு கிடைக்காமல் மனு மூன்று மாதம் தள்ளிப் போனது. அதற்குள் மாமாவின் காலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது, "தபால் வந்துச்சாம்மா?" என்றார் அப்பா. "வரலப்பா" என்றேன். "எங்கிட்டாவது மாறிப் போயிருக்கும்" என்று பேச்சை மாற்றினார்.

விடுதலையாகி இருபதாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் பையைப் பிரித்தேன். அந்த உறை இருந்தது. முன்பக்கம் என் பெயர், பக்கத்தில் 'வாங்க மறுத்தார்'. பின்பக்கம் நீதிமன்றத்துக்கு அப்பா அடித்து அடித்து எழுதிப் பார்த்த வரி: 'தாமதம் மனுதாரராகிய என் கவனக்குறைவால் நேர்ந்தது.'

தெரிந்திருந்தும், ஏன் மறுத்தாய் என்று கேட்கவில்லையே! ஒரு தடவை திட்டியிருக்கக் கூடாதா, அப்பா?

மாமாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். "நாளைக்கு மேடையில படி. தபால்காரர் மாதிரி சத்தமா படி" என்றார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. மனுதாரர் இல்லையென்று மூடிவிடக் கூடாது. மாமா பெயரில் தொடர என் கையெழுத்தில் மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை மதுரை உயர்நீதிமன்றத்துக்குப் போகிறோம். இனி அந்த வழக்குத் தபால் எங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரும்.

தபால்கார அண்ணே, குழாயடியிலேயே கூப்பிடுங்கள். கையெழுத்துப் போட வருகிறேன்.