நிறுத்தாம கூட்டணும்

– போன வச்சிராதீங்க இருளப்பண்ணே! கம்ப்யூட்டர் ரூம்ல என்னைத் தவிர யாருமில்ல.

– சலீமா, மிசின நிப்பாட்டிட்டேன்னு என்னை அங்கேருந்து தூக்கி மூணு வருசமாச்சு. இப்ப நான் தேயிலைய நிறுத்துக் கணக்கெழுதுற கிராணி. இது தோட்டத்துத் துரையோட போன் வேற. உங்க மேனேஜரக் கேளு.

– அவரு கிள்ளான்லேர்ந்து வந்துக்கிட்டிருக்காரு. மிசின வாடகைக்கு விட்டவன் போன எடுக்கல. இடி விழுந்து வடக்கே ஒரு கரண்டு லைன் போயிருச்சுண்ணே. எந்த ஊருக்கு எவ்வளவு கரண்ட திருப்பணும்னு நம்ம கம்ப்யூட்டர்தான் சொல்லணும். அஞ்சு நிமிசத்துல வர்ற கணக்கு இப்ப இருபது நிமிசமாவுது.

– மணி என்ன?

– ஆறு நாப்பது. ஏழு மணிக்கு எல்லா வீட்லயும் லைட்ட போட்டுருவாங்க.

– நிறுத்திட்டு மறுபடி ஓட்டுனா?

– அலாமாக்! முக்கா மணி நேரம் பிடிக்கும். அதுக்குள்ள ஆஸ்பத்திரியெல்லாம் இருட்டாயிரும்.

– அப்ப நிறுத்தாமதான் பலத்தக் கூட்டணும். உள்ள ரெண்டாவது புரோசசர் சும்மாத்தானே கெடக்கு.

– அதுக்கு நாம வாடகை கட்டல. தொட்டா வேலை போயிரும்.

– போகும்தான். யோசிச்சுக்க.

– யோசிச்சுட்டுத்தான் கூப்பிட்டேன். சொல்லுங்க.

– பெலான் பெலான், மெதுவா செய்யி. பெட்டிக்குப் பின்னால ஒரு சாவி இருக்கும். திருப்பு.

– திருப்பிட்டேன். பச்சை லைட் எரியுது.

– அத உள்ள சேர்க்கிற கமாண்ட அடி. அடிச்சதும் கைய எடுத்துரு.

– அடிச்சுட்டேன்... பதிலே வரல. நின்னு போச்சுண்ணே!

– தொடாத. டேப் சுத்துதா பாரு.

– சுத்துது.

– அப்ப ஓடுது லா. பொறு.

– ...வந்துருச்சு! சேர்ந்துருச்சுன்னு காட்டுது!

– இனிமேதான் ஆபத்து. எல்லா வேலையையும் ஒரேயடியா அதுமேல தள்ளுனா ரெண்டுமே நின்னுரும். ஒவ்வொண்ணா மாத்து.

– மொத வேலை அதுக்கு மாறிருச்சு. ரெண்டாவதும் மாறிருச்சு...

– மூணாவத அனுப்பு.

– அனுப்பிட்டேன். கணக்கு வருது... நாலே நிமிசம்!

– இங்க லைட்டு ஒருதரம் மங்குச்சு, இப்ப நிமிந்துருச்சு. லயத்து வீட்லயெல்லாம் லைட்டு எரியுது. பேக்டரியும் நிக்கல.

– அல்லாவே...

– அழுவாத. பதிவு நோட்டுல யார் பேரு எழுதுன?

– என் பேருதான்.

– அடிச்சுப் போடு. இருளப்பன் போன்ல சொன்னான், செஞ்சேன்னு எழுது. பறிபோறதுக்கு எனக்கு அங்க வேலையே இல்ல. நீ வேலைய விட்டுட்டு இங்க பிரிஞ்சாங்குக்கு, உன் அத்தா கடைக்கே திரும்பி வந்துரக்கூடாது.

– கதவு தொறக்குது. மேனேஜர் வந்துட்டாரு.

– நான் சொன்ன மாதிரியே சொல்லு, சலீமா! கேக்குதா?

– சார், ரெண்டாவது புரோசசரத் தொறந்தது நான். மூணு வருசத்துக்கு முன்னால எல்லாத்தையும் ஒரேயடியா தள்ளி மிசின நிப்பாட்டுனதும் நான்தான், இருளப்பண்ணன் இல்ல.