உசுதானிச் சாலையை மூடவிடாதவருக்கு

பனியைப் பகையாகப் பாராமல் பணியாகப் பார்த்தவரே, நடுவண் அரசு, மாகாண அரசு, பேரூராட்சி என்னும் மூன்றையும் ஒரே பாலத்தில் ஒரே வரிசையில் நிற்கவைத்தவரே, ஹிராகுரா பேரூராட்சியின் சாலைப் பிரிவுத் தலைவராக இருந்து இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய நெகிஷி ஹருயோ அவர்களே! உங்களோடு உழைத்த நாங்கள் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல் இது.

முதலில் உங்கள் பண்புகளை வரிசைப்படுத்த முயன்றோம். பொறுமை என்று எழுதியதும் பிரிவில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடித்துவிட்டோம். இன்சொல் என்பதும் நிற்கவில்லை. நேர்மை, துணிவு, உழைப்பு ஆகியவற்றை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவை யாருக்கு வாசிக்கும் மடலிலும் இருப்பவை. ஆகவே நீங்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறோம். இது சட்டமிட்டுச் சுவரில் ஏறியபின், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மலைமேல் உள்ள உசுதானிச் சிற்றூருக்குப் போக ஒரே வழிதான். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, பாலத்தைக் கடந்து, மலையேற வேண்டும். நெடுஞ்சாலை நடுவண் அரசுடையது. பாலம் மாகாணத்துடையது. மலைச்சாலை நம்முடையது. மூன்று அரசுகளும் தத்தம் பகுதியில் பனி தள்ளும் வண்டியைத் தவறாமல் ஓட்டின. ஆனாலும் பாலத்தின் இரு முனைகளிலும் ஆளுயரப் பனிமேடு நின்றது. யாரும் கடமை தவறவில்லை. தன் பனி அடுத்தவர் எல்லையில் விழுந்துவிடக் கூடாதே என்ற மரியாதையில், ஒவ்வோர் ஓட்டுநரும் எல்லைக்கல்லுக்குச் சற்று முன்பே தகட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். பக்கத்து வீட்டு வாசலில் பனியைத் தள்ளுகிறவனோடு இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. அரசுகளும் நல்ல அண்டை வீட்டார்களாக நடந்துகொண்டன. அந்த மரியாதையில் உசுதானி அடைபட்டது.

மேடு தீராததால், குளிர்காலம் முழுவதும் சாலையை மூடிவிடலாம், மலைமேல் உள்ள வீட்டார் கீழே வந்து வாடகைக் குடியிருப்பில் தங்கலாம் என்று ஒன்றரை ஆண்டுக்கு முன், இலையுதிர்காலத்தில் மாகாண அரசு கருத்துக் கேட்டு எழுதியது.

இந்த மடலை எழுதும் பொறுப்பு எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. என் மனைவி ஷிஹோ உசுதானியில் பிறந்தவள். மருத்துவர்கள் அப்போது சிகிச்சையை நிறுத்தியிருந்தார்கள். மிச்ச நாட்களைப் பிறந்த வீட்டில் கழிக்க விரும்பினாள். செவிலியர் தினமும் வந்துபோக வழியிருந்தால் அனுப்புகிறோம் என்றது மருத்துவமனை. சாலை திறந்திருந்தால் வீடு. மூடினால் மருத்துவமனை. நான் விடுப்புக் கேட்டு வந்தபோது நீங்கள் காரணத்தைக் கேட்டீர்கள். விடுப்பில் கையெழுத்திட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனீர்கள்.

அடுத்த நாள் நீங்கள் அழைத்தது அதிகாரிகளை அல்ல, மூன்று வண்டிகளின் ஓட்டுநர்களை. நூடுல்ஸ் கடையில் உட்காரவைத்து, எல்லைக்கல்லைத் தாண்டித் தள்ளினால் என்ன என்று கேட்டீர்கள். மாகாண வண்டியை ஓட்டும் தொகாஷி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அடுத்தவங்க இடத்துல பனியைக் கொட்டிட்டு, அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது, நெகிஷி-சான்?"

"எங்க இடத்துல கொட்டுங்கன்னு நாங்களே வந்து கேட்டா?"

அப்படி எந்தப் பேரூராட்சியும் கேட்டதில்லை என்றார் அவர். நீங்கள் கேட்டீர்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் நேரில் போய், பாலத்தை ஒட்டிய நம் பந்தாட்ட மைதானத்தைக் காட்டி, மூவரின் பனியும் இங்கே விழட்டும், முதலில் வரும் வண்டி யாருடையதானாலும் இரு முனைகளையும் சேர்த்தே தள்ளட்டும் என்றீர்கள். மைதானத்தில் விளையாடும் முதியோர் சங்கத்தினர் நம் அலுவலகத்துக்குத் திரண்டு வந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்தப் பனி உருக மே மாதம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"அதுவரைக்கும் நாங்க பந்தை வீட்டுக்குள்ளயா உருட்டணும்?" என்றார் சங்கத் தலைவர்.

"உங்களுக்கு ஆட்டம்தான் தள்ளிப்போகுது. உசுதானிக்காரங்களுக்கு வீடே தள்ளிப்போகுது," என்றீர்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே தேநீர் கேட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

தவறு அதன்பிறகு எங்களிடமே நடந்தது. மேலே போகும் தாளில், மேலதிகாரியின் முத்திரைக்குத் தலைவணங்குவதுபோல நம் முத்திரையைச் சற்றுச் சாய்த்து வைப்பது நம் வழக்கம். அதே கைப்பழக்கத்தில், மூவரும் சமமாகச் செய்துகொள்ள வேண்டிய உடன்பாட்டையே ஒரு மனுவாக எழுதி, மாகாணம் அருள்கூர்ந்து அனுமதிக்குமாறு வேண்டி, மேயரின் முத்திரையைக் கீழே, சாய்த்து, பணிவாகப் பதித்து, உங்களிடம் காட்டாமலே அனுப்பிவிட்டோம். மாகாணமும் மகிழ்ச்சியோடு ஒப்புதல் அளித்தது. உங்கள் மேசைக்கு வந்த ஒப்புதல் தாளை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். மாகாணப் பொதுப்பணி அலுவலகத்தின் இவாபுச்சி அவர்கள் பதறிப்போய் நேரில் வந்தார்.

"அடுத்த வாரம் பனி விழுது. இதை மறுபடி எழுதினா எங்க பக்கம் எத்தனை மேஜை ஏறி இறங்கணும் தெரியுமா? அதான் கேட்டதைக் கொடுத்துட்டோமே."

"கொடுத்ததுதான் பிரச்சினை," என்றீர்கள். "நீங்க கொடுத்ததை நீங்களே எடுத்துக்கலாம். ஒரு வருஷம் பணம் இல்லன்னா ஒரு வரி எழுதி மூடிடுவீங்க. ஒப்பந்தம்னா எங்களைக் கேட்டுட்டுத்தான் மூடணும்."

அந்த வாரம் நாங்கள் உங்கள்மேல் கோபமாக இருந்தோம். நானும்தான். கையில் இருந்ததை வைத்துக்கொண்டு சாலையைத் திறந்திருக்கலாம் என்று நினைத்தேன். முதல் பனி விழுந்தது. மேடும் எழுந்தது. செவிலியர் பாலத்தைக் கடக்க வழியில்லை என்றால், ஷிஹோவின் படுக்கையை மருத்துவமனையில் கடைசி நாட்களுக்கான மாடிக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். பிறகு தாள் வந்தது. மூன்று முத்திரைகள், ஒரே வரிசையில், நிமிர்ந்து. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் தொகாஷியைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். அவர் அன்று எல்லைக்கல் அருகே வண்டியை நிறுத்தி, இறங்கி, எதிரே நின்ற நம் வண்டியின் ஓட்டுநருக்கு ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுத்தான் கல்லைத் தாண்டித் தள்ளினார்.

மறுநாள் ஷிஹோவை அழைத்துப் போனேன். பாலத்தில் வண்டி குலுங்கவில்லை. பிப்ரவரிவரை அவள் அந்த வீட்டில் இருந்தாள். செவிலியர் வராத நாள் இல்லை. ஜன்னல் வழியாகப் பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு தெரிந்தால், இன்று யாருடைய வண்டி என்று கேட்பாள். நான் சொல்வேன். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்திலும் சாலை திறந்தே இருந்தது. மாகாணத்தில் செலவைக் குறைக்கும் பேச்சு எழுந்தபோது, பேரூராட்சியைக் கேட்காமல் இதில் கைவைக்க முடியாது என்று சொன்னவர் இவாபுச்சி அவர்கள்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தாளை, நீங்கள் ஓய்வு பெறும் முன்னரே அவரே கொண்டுவந்தார். பக்கத்துப் பள்ளத்தாக்கின் பேரூராட்சியும் அதன் நகல் கேட்டிருக்கிறது. முதியோர் சங்கம் மட்டும் மைதானத்துக்காக இன்னும் மல்லுக்கட்டுகிறது. அந்த மல்லுக்கட்டை உங்களுக்குப்பின் வருபவரிடம் ஒப்படைக்கிறோம்.

எங்கள் நெகிஷி-சான்! பெரிய அரசைப் பகைக்காமலும் சிறிய ஊரைத் தாழ்த்தாமலும் வேலை செய்யலாம் என்று காட்டினீர்கள். முழங்கால் வலி நீங்கி, நல்ல பசியோடும் நல்ல துணையோடும் நெடுநாள் வாழுங்கள். இத்தனை ஆண்டுகள் விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்த்தவர் நீங்கள். இனிப் பனி பெய்யும் காலைகளில் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குங்கள். ஏப்ரல் முதல் நான் உசுதானியில், அந்த வீட்டிலேயே குடியேறுகிறேன். சாலை அடைபட்டால் புகார் சொல்ல வேண்டியவனும் நான்தான், புகாரைக் கேட்க வேண்டியவனும் நான்தான்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
சாலைப் பிரிவு ஊழியர்கள்,
ஹிராகுரா பேரூராட்சி அலுவலகம்
மார்ச் இறுதி நாள்