ஒரு பக்கக் கட்டுரை

— தேவசுந்தரம் அண்ணே, சங்கக் கூட்டம் நடக்குற ஹாலுக்குப் போற வழி இது இல்லையே. எதுக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குள்ள திரும்புறீங்க?

— கார்னிஷ் கடற்கரை ரோட்டுப் பக்கம் ஒரே ட்ராஃபிக் மக்ளே. சுத்திப் போனா சீக்கிரம் போயிரலாம், கேட்டியா.

— டூலன் சார் மதியமே கோட்டு போட்டு உக்காந்துட்டாரு. பின்னால பாருங்க, பேப்பரை மடியில வச்சு வாயசைச்சுட்டே வாராரு.

— படிக்கட்டும்.

— ஒரே ஒரு பக்கம்தான். தினமும் மருந்து கொடுத்த கையோட படிக்க வச்சேன். மறந்து மறந்து போவும் அவருக்கு. நேத்து தடுமாறாம படிச்சுட்டாரு. எனக்கு அழுகையே வந்துட்டு.

— நர்ஸா வந்தவ டீச்சராயிட்ட.

— வேற யாரு செய்வா? வருஷத்துக்கு ஒரு கட்டுரை வாசிக்காதவன் மெம்பர் இல்லன்னு சட்டம் போட்டதே இவருதானாமே?

— இவரேதான். அயர்லாந்துல வாத்தியார் வேலைய விட்டுட்டு வந்து, இந்தக் கடல்ல முத்துக் குளிச்சவங்களைப் பத்தி புக்கு புக்கா எழுதி, அந்தக் காசுல ஆராய்ச்சிச் சங்கம் வச்ச மனுஷன். அந்தச் சட்டத்தைக் காட்டி எத்தனை பேரை வெளிய தள்ளினாரு தெரியுமா? இப்ப இருக்க தலைவரோட அப்பா கட்டுரை வாசிக்க முடியாம படுக்கையில கிடந்தாரு. மகன் வந்து கெஞ்சினான். இவரு இரங்கல, கேட்டியா.

— அதுக்காக வயசானவரைப் பழிவாங்கணுமா?

— நான் டிரைவர். எனக்கென்ன தெரியும்?

— இன்னைக்கு வாசிச்சுட்டா ஒண்ணும் செய்ய முடியாதுல்லா? மெம்பரா இருந்தா விசா இருக்கும். விசா இருந்தா வீடு இருக்கும்.

— தன் விசாவையும் சங்கத்துப் பேர்லயே அடிச்சு வச்சாரு பாரு. எனக்குன்னு தனியா விசா கொடுக்க ஒரு கஃபீல் வேண்டாம், எல்லாரையும் போல நானும் சங்கத்து வேலைக்காரன்னாரு. அன்னைக்கு எல்லாவனும் கை தட்டினான். இப்ப அவரு பெத்த சங்கமே அவருக்கு முதலாளி.

— செரி, வேகமாப் போங்க. ஆமா, காலையில ஏசி பாக்கணும்னு என் ரூம் சாவி வாங்கினீங்களே, சரியாயிட்டா?

— ம்... சரியாயிட்டு.

— அண்ணே, இது துபாய் ரோடுல்லா? ஏர்போர்ட்னு போர்டு போட்டிருக்கு. வண்டியைத் திருப்புங்க.

— சத்தம் போடாத. சாருக்குத் தமிழ் தெரியாட்டாலும் பயந்துருவாரு. கூட்டம் போன வாரமே முடிஞ்சுட்டு மக்ளே. தேதிய மாத்தி, இவருக்கு மட்டும் சொல்லல. கட்டுரை வாசிக்கலன்னு விசா கேன்சல். கலாஸ், எல்லாம் முடிஞ்சுட்டு. டப்ளின்ல அவரு அக்கா மக வந்து கூட்டிட்டுப் போவாளாம்.

— எல்லாம் தெரிஞ்சுமா நேத்து அவரு படிச்சப்ப கை தட்டினீங்க?

— என் விசாவும் அங்கதான கிடக்கு. ரெண்டு பிள்ளைய படிக்க வைக்கேன். தட்டாம பின்ன என்ன செய்ய?

— வெக்கமா இல்ல உங்களுக்கு? அந்த அக்கா மக இவரை ஒரு நாளாவது பாத்திருப்பாளா? நான் இப்பவே டாக்சி பிடிச்சுத் திரும்பிப் போறேன். அந்தத் தலைவர் மூஞ்சிக்கு நேரே கேக்கேன்.

— போவ முடியாது, அருள்செல்வி.

— ஏன்? யாரு தடுப்பா?

— சாரைப் பாக்கதுக்குன்னு சங்கம் எடுத்த நர்ஸ் நீ. சார் இல்லன்னா நீ எதுக்கு அவங்களுக்கு? உன் விசாவும் கேன்சல். டிக்கியில ரெண்டு பெட்டி இருக்கு மக்ளே. ஒண்ணு உன்னோடது.