பஞ்சுக் கிடங்கில் கதை வாசித்த ஞானபாக்கியம் அம்மையாருக்கு

பஞ்சுப் பொதிகளின் நடுவே பைந்தமிழ் வளர்த்த பண்பின் பெட்டகமே! முப்பத்து நான்கு ஆண்டுகள் கிடங்கின் சாவியைக் கையிலும் கதைகளின் சாவியை நாவிலும் காத்து நின்ற காரிகையே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையத்துக்கு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் முதல் பேருந்தில் வந்திறங்கி, எங்கள் காதுகளுக்கெல்லாம் கதையமுது ஊட்டிய ஞானபாக்கியம் அம்மையாரே! வணக்கம்! வணக்கம்!

முன்னிலைப் புகழ்ச்சி இவ்வளவுதான். இதற்கு மேல் "தாங்கள், தங்கள்" என்று ஒரு வரி வந்தாலும் எழுந்து போய்விடுவதாக அம்மையார் மிரட்டியிருக்கிறார். மடலின் வரைவைக் காட்ட நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போன அலுவலகத்து ஷெரினிடம், "என்னயப் பாத்துப் பாடாதீங்க. வேற யாரோ ஒருத்தி கதை மாதிரிச் சொல்லுங்க, கேக்கேன். பத்திக்குப் பத்தி செத்த நேரம் நிறுத்தி வாசிங்க" என்று கட்டளையும் இட்டிருக்கிறார். பணிநிறைவு விழா ஒருவருக்குத்தானே, மேடையில் எதற்கு இரண்டு நாற்காலி என்று முணுமுணுக்கும் அன்பர்களும் மடல் முடியும் வரை பொறுத்தருள்க.

நம் நூற்பாலையின் பஞ்சுக் கிடங்கை அறியாதவர்களுக்கு ஒரு சொல். பொதிகள் கூரை வரை அடுக்கியிருக்கும் காலத்தில் அது ஓசையை விழுங்கும் இடம். உள்ளே நடப்பவரின் செருப்புச் சத்தம் அவர் காதுக்கே கேட்காது. பக்கத்துக் கூடத்தில் நூற்கும் எந்திரங்கள் அலறுவதும் கதவைச் சாத்தினால் அற்றுப்போகும். அந்த அமைதியில்தான் மதிய இடைவேளைதோறும் ஞானபாக்கியம் அம்மையார் ஒரு பொதியின் மேல் அமர்ந்து வெள்ளத்தாய்க்குக் கதை வாசித்தார்.

வெள்ளத்தாய், பொதி பிரிக்கும் பிரிவில் நம்மோடு உழைத்த, தேவதானம் ஊர்க்காரர். எழுத்துக் கூட்டத் தெரியாதவர். கதையென்றால் தூக்குச்சட்டியைத் திறக்கவும் மறப்பவர். அம்மையார் ஒரு பத்தியை முடித்தால் அவர் "ம்" என்பார். "ம்" வந்தால்தான் அடுத்த பத்தி. பதினோரு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர்கள் ஒரு தடித்த நாவலில் இருந்தார்கள். கடலில் காணாமற்போன தமையனைத் தேடி அமலி என்பவள் தனியே தோணியேறிப் போகும் கதை. நாற்பத்தொரு பக்கம் மிச்சமிருக்கையில் வெள்ளத்தாய் மருத்துவமனையில் படுத்தார். பார்க்கப் போன அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நோயைப் பற்றிப் பேசவில்லை. "எக்கா, அந்தப் புள்ள அமலி கரை சேந்தாளா?" என்றுதான் கேட்டார்.

"அதெல்லாம் இப்பச் சொல்ல மாட்டேன். நீ எந்திச்சு வா ஏட்டி, வாசிக்கேன்" என்றார் அம்மையார். முடிவைக் கேட்கும் ஆசையாவது அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும் என்று நம்பினார். மறுநாள் விடியுமுன் வெள்ளத்தாய் போய்விட்டார். சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே என்று அம்மையார் அழுத அழுகையை நாங்கள் பார்த்தோம். அந்த நாவல் அன்றைக்கே மேசை இழுப்பறைக்குள் போனது.

அதன் பிறகும் மதியம் வந்தால் அம்மையாரின் கால்கள் கிடங்குக்கே போயின. வெறுமனே உட்கார முடியாமல் வேறு புத்தகங்களை வாசித்தார். மின்பணியாளர் சாம்சன் விரல் பருமனில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, "தனியா வாசிக்கதுக்குப் பதிலா எங்களுக்கும் குடுங்கக்கா" என்றார். இப்படிப் பிறந்ததுதான் நம் "காதோடு வாசகர் வட்டம்". எந்திரத்துக்குப் பக்கத்தில் காதில் எதையும் மாட்டக் கூடாதென்பதால், வத்திராயிருப்பிலிருந்து வரும் ஆலைப் பேருந்தில் ஆளுக்கொரு காதாய்ப் பகிர்ந்து கேட்டோம். உணவுக்கூடத்துக் கரும்பலகையில் "இந்த வாரம் கேட்க" என்று எழுதினோம். சோறு வெந்ததா வேகவில்லையா என்று சண்டையிட்ட வாய்கள் கதாநாயகி செய்தது நியாயமா என்று சண்டையிட்டன!

ஒருநாள் பேருந்தில் எங்களில் ஒருவரான பாண்டிதுரை கேட்டார்: "எக்கா, கூட உக்காந்து கேக்கது யாரு? அம்புட்டு அழகா ம் கொட்டுதாவ."

அம்மையார் கேலி என்றே நினைத்தார். வீடு திரும்பும் பேருந்தில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு தம் குரலைத் தாமே கேட்டார். முதல் பத்தி முடிந்தது. "ம்." இரண்டாவது முடிந்தது. "ம்." மூன்றாவதற்குப் பிறகு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வெயிலில் நடந்தார். அந்தக் குரலை அடையாளம் காண அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

சாம்சன் கணினியில் போட்டு இரைச்சலை நீக்கினார். காற்றோசை போனது, காகிதம் புரளும் ஓசை போனது. "ம்" முன்னைவிடத் தெளிவானது. திரையில் ஓடும் அலைக்கோடு அந்த இடத்தில் தட்டையாகவே கிடந்தது. கருவிக்குத் தெரியாதது காதுக்குக் கேட்டது. சாம்சன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பொதி பிரிக்கிறவர்கள் தனியே உள்ளே போக மறுத்தார்கள். பூசை போடலாம் என்றார்கள் சிலர், செபம் வைக்கலாம் என்றார்கள் சிலர். அம்மையார் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. "கதை கேக்க வந்தவள வெரட்டுதது என்ன ஞாயம்?" என்றார். அவரும் பயந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் போனார்.

பழகப் பழக நாங்களும் துணிந்தோம். ரசனையிலும் அந்த "ம்" தேர்ந்தது. நல்ல கதைக்குப் பத்தி முடியுமுன்பே வரும். சப்பென்ற கதைக்கு இழுத்து வரும். மேலாளர் பெரிதும் பரிந்துரைத்த சுயமுன்னேற்ற நூல் ஒன்றுக்கு மூன்றாம் பக்கத்தோடு நின்றேபோனது. "ம்" வராத புத்தகம் கரும்பலகையில் ஏறுவதில்லை என்பது எழுதாத சட்டமாயிற்று. அப்படித் தேர்ந்து கொடுப்பவர் யார் என்று மட்டும் நாங்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஓய்வு நாள் நெருங்க நெருங்க அம்மையாருக்கு உறக்கம் கெட்டது. வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு அவர் கிடங்குக்குள் வர முடியாது. இழுப்பறையில் நாற்பத்தொரு பக்கம் மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. வாசித்து முடித்தால், கேட்க வந்தது கேட்டாயிற்று என்று வெள்ளத்தாய் ஒரேயடியாகப் போய்விடுவாள். வாசிக்காமல் போனால், பூட்டிய இருட்டுக்குள் பொதியோடு பொதியாய்க் காத்தே கிடப்பாள். "ரெண்டுல எதத் தாங்குவேன்?" என்று ஷெரினிடம் கேட்டு அழுதிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் நாவலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாங்கள் பதினாறு பேர் தூக்குச்சட்டியைத் திறக்காமல் நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பிறகு ஒலிப்பதிவில்தான்.

அந்த ஒலிப்பதிவில் "ம்" அவசரப்படுகிறது. பத்தியின் பாதியிலேயே வருகிறது, சில இடங்களில் வாசகத்தின் மேலேயே ஏறி விழுகிறது. அமலி கரை சேர்கிறாள். அம்மையாரின் குரல் உடைகிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைசி வரியை வாசிக்கிறார். புத்தகம் மூடும் ஓசை. அதன் பிறகு ஒன்றுமில்லை. "ம்" கூட இல்லை. எண்ணிப் பார்த்தோம், பதினொரு நொடி.

பிறகு, கருவிக்கு மிக அருகே, ஒரு சொல்.

"பொறவு?"

மூன்று ஆண்டுகளில் "ம்" தவிர எதுவும் சொல்லாத குரல் அது. அம்மையார் அலறவில்லை. மூன்றாண்டு பாரம் இறங்கினாற்போல் ஒரு மூச்சு விட்டு, "பொறவு என்ன, கத முடிஞ்சு போச்சு ஏட்டி. வேற புஸ்தகம் வீட்ல எம்புட்டோ கெடக்கு. இங்கன எதுக்கு இருட்டுக்குள்ள இருக்க? எங்கூட வா, போவோம்" என்றார்.

அந்தக் கிடங்கில் செருப்புச் சத்தம் கேட்காது என்று முன்பே சொன்னோம். ஒலிப்பதிவின் முடிவில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு சோடி.

அன்று மாலைப் பேருந்தில் அம்மையார் பக்கத்து இருக்கையில் பையை வைத்து யாரையும் உட்காரவிடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று மதியமும் சாம்சன் கிடங்குக்குள் போய்க் கதை வாசித்துப் பதிவு செய்தார். அவர் குரலைத் தவிர அதில் ஒன்றுமில்லை. நேற்று ஷெரின் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே வாசிப்புச் சத்தம் கேட்டதாம். தனியே வாழும் அம்மையார் வீட்டில், பத்திக்குப் பத்தி பதிலும் கேட்டதாம். கதவைத் தட்டச் சற்று நேரம் பிடித்தது என்கிறார் ஷெரின்.

கிடங்கு இனி வெறும் கிடங்கு. எங்களுக்கு அதில் வருத்தமே. ஆயினும் அன்பு கொண்ட ஒருத்தி அன்பு கொண்டவளை இருட்டில் விட்டுப் போகவில்லை என்பதைவிட இந்த ஆலை பெற்ற பேறு வேறில்லை!

ஞானபாக்கியம் அம்மையாரே! கண்ணொளி குன்றாமல், குரல்வளம் குறையாமல், புத்தகம் தீராமல் நூறாண்டு வாழ்க! அந்த இன்னொரு நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு நீண்ட ஆயுளை வாழ்த்தும் தகுதி எங்களுக்கில்லை. நீண்ட கதைகள் வாய்க்க வாழ்த்துகிறோம். அம்மையார் சொன்னபடியே பத்திக்குப் பத்தி நிறுத்தி வாசித்தோம். நாங்கள் நிறுத்திய இடங்களில் முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அவர்கள் முகத்திலேயே தெரிகிறது.

மடல் இத்துடன் முடிகிறது. பொறவு என்று கேட்டால், அம்மையாரே பதில் சொல்லட்டும்.

என்றும் கேட்கக் காத்திருக்கும்,
நூற்பாலைத் தொழிலாளர்கள், அலுவலர்கள்,
காதோடு வாசகர் வட்டத்தினர்,
இராசபாளையம்.